விலகினார் என்று எழுதும் முன்

அநியாயத்தை வரிசை மாற்றிச் சொன்னால் செய்தவன் தப்பித்துக்கொள்வான். அதனால் வரிசையாகவே சொல்ல வேண்டும்.

முதலில் குஸ்தி பழகும் கோதாவை மூடினார்கள். மூன்று தலைமுறை வியர்வையும் நல்லெண்ணெயும் ஊறிய செம்மண்ணை லாரியில் அள்ளிப் போனார்கள். அந்தப் பள்ளத்தில் சிமெண்டைக் கொட்டிக் கார் நிறுத்தினார்கள்.

அடுத்து, குஸ்தி பழக இடமில்லாமல் நின்ற பெண் பிள்ளைகளை ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் முதலாளி தம் விடுதிக்கு அழைத்துப் போனார். பெற்றவர்களிடம் கையெழுத்து வாங்கினார். தாளில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை.

அதற்கடுத்து, பெயரைப் பறித்தார்கள். தாய் வைத்த பெயர் திரையில் எடுபடாதாம். ஒருத்தி புயல்ராணி ஆனாள். இன்னொருத்தி கருநாகம் ஆனாள்.

அதன்பின் எடை. ஐம்பது கிலோப் பிரிவில் ஒருத்திக்கு ஜோடி சேரவில்லை. கருநாகம் ஐம்பத்துமூன்று கிலோ. மூன்று கிலோவைக் குறைக்க அவள் உடம்பில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, தண்ணீர் கொடுக்காமல், சித்திரை வெயிலில் ஓடவிட்டார்கள். நடுப்பகலில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. பதினேழு வயது.

அன்று மாலையே நிகழ்ச்சி நடந்தது. விளக்குப் போட்டார்கள், பாட்டுப் போட்டார்கள். உடல்நலக் குறைவால் கருநாகம் விலகினார் என்று அறிவித்தார்கள். எதிராளியின் கையைத் தூக்கினார்கள். கூட்டம் கைதட்டியது.

கடைசி அநியாயம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மல்யுத்தம் விளையாட்டாகவும் பயிற்சியாகவும் கேளிக்கையாகவும் இருப்பதைப் பற்றி அந்த விடுதிப் பெண்களை வைத்து ஓர் ஆய்வேடு எழுதப்பட்டது. அதன் அட்டவணையில் ஒரு வரி: பங்கேற்பாளர் ஒன்பது, இடையில் விலகினார்.

அந்த வரியை எழுதியவள் ஜெயசீலி. மூடப்பட்ட கோதாவில் துலுக்காணம் வாத்தியாரிடம் குஸ்தி கற்றவள்.

வாத்தியார் இப்போது மீன் ஏலக்கொட்டகையில் சொல்லிக்கொடுக்கிறார். ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்ட பிறகு பழைய மெத்தையை விரித்துக்கொள்ளலாம் என்று மீனவர்கள் விட்டிருக்கிறார்கள். ஜெயசீலி ஒரு பெட்டி இனிப்போடும் ஆய்வேட்டோடும் அங்கே வந்தாள்.

"நாளைக்கு வாய்மொழித் தேர்வு வாத்தியாரே. பொதுமக்களும் வரலாம். நீங்க வந்து முன்னாடி உட்காரணும்."

"எனக்கு நின்னுதான் பழக்கம்" என்றார் அவர். ஆய்வேட்டை வாங்கிப் புரட்டினார். ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இது யாரு, ஒன்பது?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"ஆராய்ச்சி நெறின்னு ஒண்ணு இருக்கு. கலந்துக்கிட்டவங்க பேரை வெளியிடக் கூடாது. அவங்களைக் காப்பாத்தத்தான் எண் போடறது."

"காப்பாத்திட்டீங்களா?"

வாத்தியார் முதல் பக்கங்களுக்குப் போனார். அங்கே நன்றியுரை இருந்தது. முதலாளியின் பெயர் தகப்பன் பெயரோடும் பட்டங்களோடும் முழுதாக இருந்தது.

"இவரும் கலந்துக்கிட்டவர்தானேம்மா? இவருக்கு எண்ணு கிடையாதா?"

"கிண்டல் பண்ணாதீங்க. ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணது அவரு. பட்டம் கைக்கு வந்தாத்தான் எனக்கு நிரந்தர வேலை. எங்க தெருவுல பள்ளிக்கூடத்தைத் தாண்டினவ நான் ஒருத்தி. ஒரு வரிக்காக எல்லாத்தையும் விட்டுடச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அவ எடையைத் தினம் பார்த்தவளே நான்தான். அன்னிக்கு எடைமேடையில நின்னுக்கிட்டு, அக்கா, ஒரு வாய் தண்ணின்னு கேட்டா. எடை பார்த்து முடியட்டும்னு சொன்னேன்." அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இப்போ பேரை எழுதினா வந்துடுவாளா? சொல்லுங்க வாத்தியாரே. செத்தவ பேரைச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

வாத்தியார் மெத்தைப் பக்கம் திரும்பினார். மெத்தையின் நடுவில் அவரிடம் பழகும் தேசப்பன் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்கும் ஆரோக்கியத்துக்கும் குஸ்தி. ஆரோக்கியத்தைக் காணவில்லை.

"வாத்தியாரே, அவன் வரமாட்டான். நேத்தே அவனுக்குத் தொடை நடுங்குச்சு. என் கையைத் தூக்கிவிடுங்க, நான் போய்ச் சோறு துன்றேன்."

வாத்தியார் கொட்டகையின் ஓரத்துக்குப் போனார். கடலைப் பார்த்துக் கூவினார்.

"அறுபத்தஞ்சு கிலோ! பனைமரத்தொட்டி ஆரோக்கியம்!"

யாரும் வரவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஓடிட்டான் வாத்தியாரே. எண்ணூர் தாண்டியிருப்பான்" என்றான் தேசப்பன்.

"அறுபத்தஞ்சு கிலோ! பனைமரத்தொட்டி ஆரோக்கியம்!"

"நெத்திலி வறுவல் வாசனைக்கு வந்தாலும் வருவான். உங்க குரலுக்கு வரமாட்டான்."

வலைக்காரர்கள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை கூவினார். பெயர் முடிவதற்குள் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தான்.

"வந்துட்டேன்! ஐஸ் வண்டி கவுந்துடுச்சு வாத்தியாரே!"

"பொய்யி! உள்ளே ஒளிஞ்சுக்கினு இருந்தான்!" என்றான் தேசப்பன்.

சற்று நேரத்தில் தேசப்பனின் இரண்டு தோளும் மெத்தையில் பதிந்திருந்தன. வலைக்காரர்கள் அவனைப் பார்த்து, "சோறு ரெடியாப்பா?" என்று கேட்டார்கள்.

வாத்தியார் ஜெயசீலியிடம் திரும்பி வந்தார். "எடை, ஊரு, பேரு. நாலு பேர் காதுல விழற மாதிரி மூணு தடவை கூப்பிடணும். அதுக்கு முன்னாடி ஒருத்தரை விலகினார்னு சொல்ல எந்த நடுவனுக்கும் உரிமை கிடையாது. இதை நீ பத்து வயசுலியே எங்கிட்ட படிச்சே."

ஆய்வேட்டை அவள் கையில் வைத்தார்.

"ஒன்பதை நீ எத்தனை தடவை கூப்பிட்டே?"

ஜெயசீலி ஆய்வேட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். இனிப்புப் பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தது.

மறுநாள் பல்கலைக்கழக அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் முதலாளி. இருக்கைகள் காலியாகத் தெரியக் கூடாது என்று விடுதிப் பெண்களைப் பேருந்தில் கொண்டுவந்து பின்வரிசைகளில் அடைத்திருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், சுவரோரம், வாத்தியார் நின்றார்.

ஜெயசீலி நன்றாகவே பேசினாள். கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அட்டவணைப் பக்கத்துக்கு வந்தார்.

"தொடக்கத்துல பன்னிரண்டு பேர். முடிவுல பதினொருத்தர். ஏன்?"

ஜெயசீலியின் நெறியாளர் முந்திக்கொண்டார். "இடைவிலகல், சார். இந்த மாதிரி ஆய்வுகள்ல சகஜம்."

தேர்வாளர் தலையசைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார்.

"இல்லை சார்" என்றாள் ஜெயசீலி. "அந்த வரியில ஒரு குறை இருக்கு. மல்யுத்தத்துல ஒருத்தரை விலகினார்னு எழுதறதுக்கு முன்னாடி மூணு தடவை அழைக்கணும். நான் அழைக்கலை. யாருமே அழைக்கலை."

"அதுக்கு இப்போ என்னம்மா?" என்றார் நெறியாளர்.

அவள் தன் பிரதியை விரித்தாள். ஒன்பது என்ற எண் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. மேலே மையால் பெயரை எழுதியிருந்தாள். அதைப் பார்த்து முதல் முறை அழைத்தாள்.

பின்வரிசைப் பெண்கள் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். வரமாட்டாள் என்று தெரிந்தவர்கள்தான். இருந்தும் பார்த்தார்கள்.

நெறியாளர் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்குப் பட்டம் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார்" என்றாள் ஜெயசீலி. கண் கலங்கியிருந்தது. இரண்டாம் முறை அழைத்தாள்.

முதலாளி எழுந்துவிட்டார். "என்ன நடக்குது இங்கே? யாரு தூண்டிவிடறது?" சுற்றிப் பார்த்தார். சுவரோரத்தில் ஒரு மனிதர் வலது கையை உயர்த்தி இரண்டு விரல்களைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"யாருய்யா நீ? யார் உன்னை உள்ளே விட்டது?"

"நடுவர்" என்றார் துலுக்காணம் வாத்தியார். "உக்காருங்க. இன்னும் ஒரு அழைப்பு பாக்கி இருக்கு."

முதலாளி உட்காரவில்லை. ஆனால் அவர் வாய் மூடிக்கொண்டது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பிறகு மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். தேர்வாளர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

வாத்தியார் மூன்றாவது விரலை உயர்த்தினார்.

ஜெயசீலி வாசலுக்கும் அதற்கு அப்பாலும் கேட்கும்படி வாசித்தாள்:

"ஐம்பத்துமூன்று கிலோ. விளாத்திகுளம் இசக்கியம்மாள்."