முச்சந்தி எலுமிச்சை

நேராகக் கிடக்கும் தெரு வண்டிகளை விரையச் சொல்லும். கைத்தறிக் காலனியின் நான்காம் தெரு அப்படிப்பட்டது. புறவழிச்சாலைக்குக் குறுக்குவழி என்பதால், அதன் முச்சந்தியில் ஓராண்டில் இருவர் அடிபட்டு இறந்தனர். வேகத்தடை போட்டார்கள், வண்டிகள் ஓரத்து இடுக்கில் வளைந்து பறந்தன.

முச்சந்தி வீட்டுக் குணவதியின் கணவர் சிங்காரத்துக்குக் காது கேட்காது. விடியற்காலையில் அந்தச் சந்தியைக் கடந்துதான் பால் வாங்கி வருவார்.

ஒரு வெள்ளியன்று, கண்ணேறு கழித்துப் போட்டதுபோல், குங்குமம் தடவிய எலுமிச்சைப் பாதிகள் சந்தியின் நடுவே கிடந்தன. வண்டிகள் தயங்கி, ஊர்ந்து, விலகிச் சென்றன. மறுநாளும் கிடந்தன, அதற்கு மறுநாளும். யாரும் அடிபடவில்லை. ஆனால் பிள்ளைகள் தெருவில் விளையாடுவதும் நின்றுபோயிற்று.

சந்தியில் சாலையை ஒடுக்கி, கடக்குமிடத்தை மேடாக்கும் திட்டத்துடன் நகராட்சிப் பொறியாளர் அருள்மலர் வந்தார். ஆட்கள் கடப்பாரையைத் தொடவில்லை.

"கழிப்புக் கழிச்ச எடம் மேடம். நீங்க ஆபீசுக்குப் போயிடுவீங்க, ரத்த வாந்தி எடுக்கிறது நாங்க" என்றார் மேஸ்திரி வேலப்பன். மறுநாளும் வேலை தொடங்காவிட்டால் திட்டம் வேறு தெருவுக்குப் போய்விடும்.

அன்று மாலை குணவதி அருள்மலரிடம் சொன்னாள்: "வண்டிங்க மெதுவாப் போகட்டும்னு நான்தாம்மா வெச்சேன். அவருக்குக்கூடத் தெரியாது. வெளிய சொல்லிடாதீங்க, சூனியக்காரின்னு தெருவே காறித் துப்பும்."

"சொல்லமாட்டேன். நாளைக்கு மட்டும் வைக்காதீங்க."

மறுநாள் குணவதி குங்குமச் சிமிழைத் தொடவேயில்லை. சிங்காரம் கொண்டுவந்த பால் பாக்கெட்டில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுக் காபி போட்டாள்.

எட்டு மணிக்கு வாசலுக்கு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். சந்தியில் எலுமிச்சை கிடந்தது.

ஆட்கள் பின்வாங்கினர். அருள்மலர் குணவதியை ஒருமுறை கண்டிப்புடன் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு பாதியை எடுத்துக் கழுவி, தம்ளர் நீரில் பிழிந்தார்.

"உப்பு இருக்கா, மேஸ்திரி?" என்று கேட்டபடி வாயருகே கொண்டுபோனார்.

அதை வைத்தது தானல்ல எனச் சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள், மேடு எழாது, சிங்காரம் நாளையும் இதே சந்தியைக் கடக்க வேண்டும். சொல்லாவிட்டால், எவர் எதை நினைத்துக் கழித்ததோ, அது அந்தப் பெண்ணின் தொண்டையில் இறங்கும்.

குணவதி சொல்லவில்லை.

கதையை இங்கே நிறுத்துகிறேன். அந்த எலுமிச்சையை வைத்தவர் யார்? குணவதி வாய்மூடி நின்றது சரியா?

விடை: வைத்தவர் சிங்காரம். அவருக்குக் காதுதான் கேட்காது. மனைவி எழுந்து போவதை ஒவ்வொரு விடியலிலும் பார்த்திருந்தவர், அன்று அவள் போகவில்லை என்பதையும் பார்த்தார். சந்தியைக் காவலின்றி விட மனமின்றித் தாமே வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனார். பாக்கெட்டில் ஒட்டியிருந்தது அவர் விரலின் குங்குமம். குணவதி செய்தது சரியன்று. அச்சம் வேண்டாம் என்று சொல்ல இருந்த ஒரே அடையாளமான அந்தக் குங்குமத்தை அவளே துடைத்துவிட்டாள். எலுமிச்சையை வைத்தது யார் என்று அறியாமலேயே அருள்மலரைக் குடிக்க விட்டாள். அருள்மலர் நலமாக இருக்கிறார், மேடும் எழுந்துவிட்டது. அதனால் மட்டும் அந்த மௌனம் சரியாகிவிடாது.