ஸ்டாண்டு போட்ட சைக்கிளும் சுருளிவேல் மீசையும்

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல ஊத்துப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊர்க்காரங்ககிட்ட "இங்கனயே இருங்க, வந்துர்றேன்"னு சொல்லிட்டுப் போனீங்கன்னா, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அங்கனயே நிப்பாங்க. மழை வந்தாலும் நிப்பாங்க. அப்படி ஒரு மாப்பிள்ளையை நிறுத்தி வச்சுட்டு மறந்துபோய், ஒரு கல்யாணமே தள்ளிப்போயிருக்கு.

அந்த ஊருல சுருளிவேலுன்னு ஒருத்தன். ஆளைப் பத்திச் சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, மீசையைப் பத்தித்தான் சொல்லணும். கெடாக் கொம்பு மாதிரி ரெண்டு பக்கமும் சுருண்டு நிக்கும். தெருமுக்குல மொதல்ல மீசை திரும்பும், அப்புறந்தான் சுருளி திரும்புவான். பொண்ணு பாக்கப் போனப்ப ராமுத்தாயி வெக்கத்துல அரைக்கண்ணால பாத்தது மீசையை மட்டுந்தான். மாப்பிள்ளை எப்படின்னு கேட்டதுக்கு, "சுருண்டிருக்கு"ன்னுச்சாம்.

அப்பேர்ப்பட்ட மீசைக்குத்தான் வந்துச்சு கேடு.

தீபாவளிக்கு மாமனார் ஊரு கோம்பைக்காட்டுக்குப் போனவன், கறிச்சோத்தைத் தின்னுட்டுச் சும்மா படுத்திருக்கலாம். ராமுத்தாயோட அண்ணன் வீரணன்கிட்ட வாயைக் குடுத்தான். வீரணன் லேசுப்பட்ட ஆளு இல்ல. பொங்கலுக்கு ஊத்துப்பட்டியில நடக்குற சைக்கிள் ரேசுல வருசா வருசம் மொதல்ல வந்து, பரிசுக் கெடாயைக் கழுத்துல போட்டுக்கிட்டுப் போற ஆளு. சுருளி ஏப்பம் விட்டுக்கிட்டே, இந்த வருசம் கெடா எங்க ஊருலதான் மேயும்னுட்டான். பேச்சு ஏறி ஏறிப் பந்தயத்துல வந்து நின்னுச்சு. ரெண்டு பேருல எவன் பின்னால கோட்டுக்கு வர்றானோ, அவன் அந்தக் கோட்டுமேலயே உக்காந்து மீசையை எடுத்துறணும்.

ராமுத்தாயி கேட்டுட்டு ஒரே வார்த்தைதான் சொன்னுச்சு.

"மீசை இல்லாம வீட்டுப் பக்கம் வந்தா, யாரோ எவரோன்னு தடியை எடுத்துருவேன். அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது."

சுருளி அன்னைக்கே, ரேசுக்கு ஒழுங்காப் பழகணும்னு முடிவு பண்ணுனான். மார்கழி பொறந்ததும் கூட்டாளிகளைச் சேத்தான். ஒருத்தன் பொம்மையன், தேங்காய்க் குடோன் வச்சிருக்கான். எதைச் சொன்னாலும் மோவாயைத் தடவி யோசிப்பான், அதனால அறிவாளின்னு பேரு. இன்னொருத்தன் காசிமாயன், சொன்னதை ஒரு எழுத்து பிசகாமச் செய்வான். மூணாவது மொக்கராசு. அவனைத் தாங்குறதுக்குன்னே சைக்கிளுக்கு ரெண்டு கம்பி கூடுதலாப் பத்தவச்சிருந்தாங்க.

பொம்மையனோட சித்தப்பா மகன் தங்கப்பாண்டி கோயமுத்தூருல இருக்கான். அங்க ரேசு ஓட்டுற கூட்டத்தோடயே ஓட்டுறவன். அவன் போன்ல பேசி அனுப்புவான், இவங்க குடோன்ல சுத்தி உக்காந்து, சாமி வாக்குக் கேக்குற மாதிரி கேப்பாங்க. மொத வாக்கு இதுதான்:

"பனிக்காலத்துல விடியக்காலம் ரோட்டுல ஓட்டாதீங்கடா, எதிர்ல வர்ற லாரி தெரியாது. உள்ளயே ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டு மிதிங்க. குளிர் முடியுற வரைக்கும் நாங்களும் அப்படித்தான் பழகுறோம்."

மறுநாளே குடோன்ல நாலு சைக்கிளும் ஸ்டாண்டு போட்டு நின்னுச்சு. காசிமாயன் கதவோரம், பின்னால பொம்மையன், அப்புறம் மொக்கராசு, கடைசியில செவுத்தோரமா சுருளி. மிதிச்சாங்க. தேங்காநாரு பறக்க மிதிச்சாங்க. நல்லா வேர்த்த பெறகு காசிமாயன், எந்த ஊருப்பா தாண்டியிருப்போம்னு கேட்டான். பொம்மையன் மோவாயைத் தடவுனான். மிதிச்ச மிதிக்குக் கம்பம் தாண்டி, உத்தமபாளையம் தாண்டி, இந்நேரம் சின்னமனூரு வந்திருக்கணும்னான்.

மொக்கராசு மிதிக்கிறதை நிறுத்திட்டான்.

"அப்ப வீட்டுக்கு எப்படிய்யா போறது? நான் வீட்டுல சொல்லிட்டுக்கூட வரலையே."

நாலு பேரும் மூஞ்சியப் பாத்துக்கிட்டாங்க. வெளியூர்ல வந்து மாட்டிக்கிட்டவன் மூஞ்சி எப்படி இருக்கும், அப்படி. கடைசியில பொம்மையன்தான் வழி கண்டுபிடிச்சான். சைக்கிளைத் திருப்பிவச்சு, வந்த மிதி அளவுக்கு மிதிச்சா ஊரு வந்துரும். நாலையும் திருப்பிவச்சாங்க.

அந்த நேரம் பாத்து ராமுத்தாயி குடோன் வாசல்ல வந்து, கஞ்சி ஆறுதுன்னு கூப்பிட்டுச்சு.

"உத்தமபாளையத்துக்கிட்ட வந்துக்கிட்டு இருக்கேன் தாயி. மூடி வையி, வந்துர்றேன்"ன்னான் சுருளி.

அது இடுப்புல கையை வச்சுக்கிட்டு ஒரு நிமிசம் பாத்துச்சு. "சின்னமனூருக்கா போனீங்க? அங்க வெத்தலை நல்லாருக்குமே, ஒரு கவுளி வாங்கக் கூடாது?"

சுருளிக்கு மனசு கேக்கல. மறுபடி சைக்கிளைத் திருப்பி சின்னமனூருக்கு மிதிச்சான். அன்னைக்கு அவன் கஞ்சி குடிக்க மத்தியானம் ஆயிருச்சு. வெத்தலையும் வரல. கடை அடைச்சிருந்துச்சுன்னு சொல்லிட்டான்.

சுருளிக்கு வேற ஒரு கவலை. எவ்வளவு மிதிச்சாலும் காசிமாயன்தான் முன்னால போறான். இவன் நாக்குத் தள்ள மிதிக்கிறான், காசிமாயன் பீடி குடிச்சுக்கிட்டே மிதிக்கிறான், அப்பவும் அவன்தான் மொதல்ல. மீசை போனமாதிரியே இருந்துச்சு சுருளிக்கு. ராத்திரியெல்லாம் பொரண்டவன், ஒருநாள் எல்லாருக்கும் முந்தி எந்திரிச்சு வந்து கதவோரத்துல ஸ்டாண்டைப் போட்டுட்டான். அன்னைக்குப் பூரா அவன்தான் மொத ஆளு. காசிமாயன் செவுத்தோரம் உக்காந்து என்னென்னமோ மிதிச்சுப் பாத்தான், எட்டமுடியல. வீட்டுக்குப் போன சுருளி மீசைக்கு வெளக்கெண்ணெய் போட்டு நீவிக்கிட்டே, இனி வீரணன் நம்ம பின்சக்கரத்தைத்தான் பாக்கணும்னான்.

தங்கப்பாண்டியோட அடுத்த வாக்கு வந்துச்சு. குளிருக்கு ஒண்ணுமேல ஒண்ணா துணியைப் போட்டுக்கிட்டு உக்காருங்க, உடம்பு சூடாக ஆக ஒவ்வொண்ணா கழட்டுங்கன்னு. நாலு பேரும் வீட்டுல இருந்த சட்டை, சால்வை, போர்வை எல்லாத்தையும் போட்டுக்கிட்டு வந்தாங்க. மிதிக்க மிதிக்கச் சூடு ஏறுச்சு. சால்வை போச்சு, சட்டை போச்சு, பனியன் போச்சு. சூடு மட்டும் போகல. எங்க நிறுத்தணும்னு தங்கப்பாண்டி சொல்லல, காசிமாயனோ சொன்னதை மீறுற ஆளு இல்ல. தேங்கா உரிக்க வந்த பொம்பளையாளுங்க கதவைத் தொறந்தவங்க, தொறந்த வேகத்துல அடைச்சுட்டாங்க. அன்னைக்குப் பூரா குடோன்ல வேலை நடக்கல. ஊருக்குள்ள பேச்சு மட்டும் நல்லா நடந்துச்சு.

பசிக்கிறதுக்கு முன்னாலயே சாப்பிட்டுறணும், பசி வந்துட்டா காலு ஓடாதுன்னு இன்னொரு வாக்கு. இதை மொக்கராசு உயிராப் புடிச்சுக்கிட்டான். பசி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? தூங்குறப்ப வந்துட்டா? அதனால அது வர்ற வழியிலயே மறிக்கிற மாதிரி தின்னுக்கிட்டே இருந்தான். அந்த மார்கழியில அவன் பசியைக் கண்ணால பாக்கல, அவன் பொண்டாட்டி அரிசியைக் கண்ணால பாக்கல.

ரேசுக்கு மொதநாள் கடைசி வாக்கு வந்துச்சு.

"நல்லாக் கேட்டுக்கங்க. எப்படிப் பழகுனீங்களோ அப்படியே ஓட்டணும். போட்டி அன்னைக்குப் புதுசா எதையும் செஞ்சு பாக்கக் கூடாது. அங்கதான் எல்லாரும் கெட்டுப்போறாங்க."

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாங்க. காசிமாயன் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பொங்கல் அன்னைக்கு பஸ் ஸ்டாப்புக்கிட்ட ரோட்டுக்குக் குறுக்க சுண்ணாம்புல கோடு போட்டாச்சு. அங்கயிருந்து கிளம்பி, கூடலூரு தாண்டி, லோயர் கேம்ப் வரைக்கும் போயி, திரும்பி வந்து அதே கோட்டைத் தொடணும். கமிட்டித் தலைவரு மைக்குல சட்டம் சொன்னாரு. ஓடுற சைக்கிளை வேற எவனும் தொடக்கூடாது, தொட்டவன் அவுட்டு. போன வருசம் ஒருத்தன் இன்னொருத்தன் கேரியரைப் புடிச்சுக்கிட்டே கூடலூரு போயிட்டு வந்துட்டான், அதுக்காகப் போட்ட சட்டம்.

கோட்டோரமா முடிவெட்டுற சௌந்தரம் நாற்காலியும் கத்தியும் சோப்பு நுரையுமா உக்காந்திருந்தாரு. பக்கத்துல பரிசுக் கெடா. அதுக்குப் பக்கத்துல ராமுத்தாயி.

விசில் ஊதுச்சு. வீரணனும் மத்தவங்களும் புழுதி கிளப்பிக்கிட்டுப் பறந்தாங்க. நம்மாளுங்க நாலு பேரும் பதட்டமே படல. கோட்டுக்கு முழங்கை அளவு முன்னால தள்ளி, ஸ்டாண்டைப் போட்டு, ஏறி உக்காந்து மிதிச்சாங்க. சுருளி எல்லாருக்கும் முன்னால. பழகுன பழக்கத்தை விடல.

வெளியூர்க்காரங்க சிரிச்சாங்க. ஊத்துப்பட்டிக்காரங்க சிரிக்கல, "விடாத சுருளி, மிதி"ன்னு கத்துனாங்க. கொஞ்ச நேரத்துல மொக்கராசு எறங்கி ரோட்டோரம் படுத்துட்டான். கூடலூரோட என்னால முடியலன்னுட்டான். அவன் பொண்டாட்டி, கூடலூருக்கு ஒரு ஆட்டோ அனுப்பி இவரை ஏத்திட்டு வாங்களேன்னு அவன் தலைமாட்டுல நின்னு அழுதுச்சு. சட்டையில கைவச்ச காசிமாயனை நாலு பேரு ஓடிப்போய் அமுக்கி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பொம்மையனுக்குச் செயின் கழண்டுச்சு. மிச்சம் சுருளி மட்டும்.

லோயர் கேம்ப் வந்துருச்சுன்னு மனசுல பட்டதும் சுருளி எறங்கி, சைக்கிளை ஊரைப் பாக்கத் திருப்பி, மறுபடி ஸ்டாண்டைப் போட்டான். இப்ப கோடு அவன் கண்ணுக்கு முன்னால, முழங்கை தூரத்துல. மிதிக்க ஆரம்பிச்சான்.

அப்பத்தான் வீரணன் வந்தான். மொத ஆளா வந்து, சுருளியை உரசுன மாதிரி தாண்டிக் கோட்டைத் தொட்டான். கெடாக் கயித்தைக் கையில குடுத்தாங்க. வாங்குன கையோட வீரணன் நாற்காலியைத் தட்டுனான்.

"வாங்க மாப்ள. வந்து உக்காருங்க."

சுருளி மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னான். "நீங்க செயிச்சுட்டீங்க மச்சான், நான் இல்லேன்னு சொல்லல. பேச்சுன்னா பேச்சு. கோட்டுக்கு வந்த உடனே மீசையைக் குடுத்துர்றேன். வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இந்தா இருக்கு கோடு."

"இருக்கு. நான் வரணும்ல?"

வீரணன் சைக்கிளைப் புடிச்சு இழுக்கப் போனான். தலைவரு மைக்குல, தொட்டா அவுட்டு, கெடாயை வச்சுட்டுப் போயிரணும்னு சொன்னாரு. வீரணன் கையை எடுத்துட்டான். சரி, சௌந்தரத்தையாவது சிரைக்கச் சொல்லலாம்னா, அவரு கத்தியைத் துடைச்சுக்கிட்டே, ரேசுல போற ஆளுக்கு நான் எப்படிங்க சிரைக்கிறது, கோட்டுக்கு வரட்டும்னாரு.

மத்த ஓட்டக்காரங்க எல்லாம் வந்து சேந்துட்டாங்க. சுருளி மிதிச்சுக்கிட்டே இருந்தான். வெயில் ஏறுச்சு. கெடா வீரணன் வேட்டி நுனியைத் தின்ன ஆரம்பிச்சுச்சு. போறவன் வர்றவன் எல்லாம், சுருளி எங்க வர்றான்னு கேக்க, பொம்மையன் மோவாயைத் தடவி, கூடலூரு ஏத்தம், எதிர்க்காத்து வேறன்னான். எல்லாரும் பாவம்னு தலையை ஆட்டுனாங்க. டீக்கடைக்காரர் மைக்கை வாங்கி, கூடலூர்ல யாராச்சும் சுருளியைப் பாத்தா தண்ணி குடுங்கன்னு சொன்னாரு.

வீரணனுக்கு மண்டை கொதிச்சுப்போச்சு.

"கூடலூர்லயா இருக்கான்? ஊரே சேந்து என்னையக் கிறுக்கனாக்குறீங்களா? இப்பப் போறேன். கூடலூரு பூரா சுத்திட்டு வந்து, அங்க இவன் இல்லைன்னு சொல்றேன். அப்ப என்ன சொல்வீங்கன்னு பாக்குறேன்."

கெடாயைச் சௌந்தரத்துக்கிட்ட குடுத்துட்டுச் சைக்கிளை எடுத்தான். புழுதிதான் தெரிஞ்சுச்சு.

அவன் தலை மறைஞ்ச கொஞ்ச நேரத்துல ராமுத்தாயி, "பொங்கல் ஆறுது, வந்து சேருறீங்களா இல்லையா?"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. அந்தச் சத்தத்துக்கு எந்த ஊருல இருந்தாலும் வந்துதான் ஆகணும். சுருளி எறங்குனான், ஸ்டாண்டைத் தட்டிவிட்டான், முழங்கை தூரத்தை உருட்டிக் கோட்டைத் தொட்டான். மேளம் அடிச்சாங்க. மீசையை ஒருதரம் கடைசியா நீவி விட்டுட்டு, கண்ணை மூடி நாற்காலியில உக்காந்தான்.

சௌந்தரம் நுரையைக் கலக்கிட்டு நிறுத்துனாரு. "பின்னால வர்றவனுக்குத்தானங்க சிரைக்கணும்? இவரு வந்துட்டாரு. வீரணன்தான இன்னும் வழியில இருக்காரு?"

தலைவரு ரோட்டைப் பாத்தாரு. கூட்டம் ரோட்டைப் பாத்துச்சு. பொம்மையன் மோவாயைத் தடவி, ஆமால்லன்னான்.

வீரணன் நாக்கு வெளிய தொங்கத் திரும்பி வந்தப்ப நாலு பேரு தாங்கிப் புடிச்சு எறக்கி, நாற்காலியில உக்காரவச்சாங்க. பேச மூச்சு இல்ல. பேசுறதுக்குள்ள மூஞ்சி பூரா நுரை.

"கூடலூரு பூரா தேடிட்டேன், இவன் அங்க இல்ல"ன்னான் நுரைக்குள்ள இருந்து.

சுருளி பக்கத்துல குத்தவச்சு, பொங்கலை ஒரு வாய் போட்டுக்கிட்டு, மச்சான் தோள்ல ஆறுதலாக் கையை வச்சான்.

"எப்படி இருப்பேன்? அப்ப நான் பாலத்துக்கிட்ட வந்துக்கிட்டு இருந்தேன். நீங்க எதிர்ல போனீங்க. கையைக் கூடக் காட்டுனேன், நீங்கதான் பாக்காமப் போயிட்டீங்க."

கத்தி ஒரு பக்கத்தை எடுத்துருச்சு. வீரணன் கண்ணை இடுக்கிக் கொஞ்ச நேரம் யோசிச்சான்.

"எந்தப் பாலம் மாப்ள?"