டிரம்மர் முன்னால் உட்கார்ந்த நாள்

"எனக்குப் பதிலா நீங்க போங்க, டீச்சர்."

சென்னியப்பன் இதைச் சொன்னபோது பெனிட்டா டிரம்ஸ் குச்சி ஒன்றின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கீங்ணா?"

"ஜெர்மனிக்கு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அவளுக்கு இருபத்தொன்பது. பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளுக்குக் குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். கணுக்கால் நொறுங்கி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குப் டிரம்ஸ் பெடலை மறுபடி மிதிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

முதலில் கேலியாகத்தான் அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார். அந்தக் கேலி என்றைக்குக் கழன்று விழுந்தது என்று இருவருக்குமே தெரியாது.

கோவை சிங்காநல்லூரில் ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்தது அவளுடைய டிரம்ஸ் வகுப்பு. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தாள். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சென்னி அண்ணா, உட்காருங்க."

அவர் டிரம்ஸ் ஸ்டூலில் உட்காரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க பேண்டோட புது ஆல்பம் நல்லா வந்திருக்கு. எல்லாரும் சொல்றாங்க. ஹாம்பர்க்ல ஆரம்பிச்சு ஊர் ஊரா வாசிக்கணும். இருவது வருஷமா நாலு பேரும் ஒண்ணா வாசிக்கிறோம் டீச்சர். கடல் தாண்டிக் கூப்பிட்டிருக்கிறது இதுதான் மொத தடவை."

"சந்தோஷமான விஷயம்தானுங்ணா."

"கால் நிக்குது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசிப் பாட்டுல. நடுவுல எல்லாரும் நிறுத்திடுவாங்க. டிரம்ஸ் மட்டும் தனியாப் போகும். அப்புறம் அது மேலதான் மூணு பேரும் வந்து ஏறணும். அந்த இடத்துல காலு மரத்துப்போகுது. எப்பவும் இல்ல. எப்போன்னும் தெரியாது. அதுதான் பயம்."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது?"

கீழே காற்றடிக்கும் சத்தம் நின்றது. சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு வருஷம் எனக்காகக் காத்திருந்தாங்க. பாட்டெல்லாம் தயார். ஸ்டுடியோ தயார். வேற ஆளை வெச்சு முடிச்சிருக்கலாம். ஜாஃபர் என்னை முதுகுல சொமந்து மாடி ஏத்தினான். உமையா வீட்டுலேருந்து தினமும் சோறு வந்துச்சு. ரகோத்தமன் ஒரு வார்த்தை பேசமாட்டான், தெரியுமில்ல? அவன் என் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து கிடாரைத் தட்டிக்கிட்டே இருப்பான். இப்படிப்பட்டவங்களை நான் ஊர்விட்டு ஊர் கூட்டிட்டுப் போயி, மேடையில நடுத்தெருவுல விடறதா?"

"அதனால?"

"அதனாலதான். அவங்க எனக்குச் செஞ்சதுக்கு நான் செய்யக்கூடியது ஒதுங்கிக்கிறது ஒண்ணுதான். உங்களுக்குப் பாட்டெல்லாம் தெரியும். தப்பே விடமாட்டீங்க. விசாவுக்கும் இன்னும் நாள் இருக்கு."

பெனிட்டா குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிசிறு போயிருந்தது.

"சரிங்ணா," என்றாள். "வர்றேன்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

மறுத்துப் பேசுவாள், திட்டுவாள் என்று நினைத்து வந்திருந்தார். அதற்கெல்லாம் பதில்கூட யோசித்து வைத்திருந்தார்.

"சனிக்கிழமை ஒத்திகைதானுங்களே?"

"ஆமா."

"மத்தியானமே வந்துடறேன்."

படி இறங்கும்போது அவருக்கு நிம்மதியாக இருந்தது. தெருவுக்கு வந்ததும் ஒருமுறை மாடியைத் திரும்பிப் பார்த்தார்.

*

கணபதியில் மூடிப்போன மோட்டார் பம்ப் பட்டறை ஒன்றில் அவர்களுடைய ஒத்திகை. தகரக் கூரை. வெயில் ஏறினால் உள்ளே வேகும்.

பெனிட்டா வந்து நின்றதும் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுக்காரி உமையாள், கிடார் வாசிக்கும் ரகோத்தமன், பேஸ் கிடார் வாசிக்கும் ஜாஃபர்.

"என்ன கண்ணு, இந்தப் பக்கம்?" என்றாள் உமையாள்.

"இன்னிக்கு அண்ணா என்னை வாசிக்கச் சொன்னாங்க."

உமையாள் சென்னியப்பனைப் பார்த்தாள். "ஏன்?"

அவர் வாயைத் திறந்தார். வீட்டிலிருந்து பேசிப் பழகி வந்தது ஒன்றும் வரவில்லை.

"சும்மா," என்றார். "ஒரு தடவை."

ஜாஃபர் பேஸின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டே நின்றான். ரகோத்தமன் தரையைப் பார்த்தான்.

பெனிட்டா டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ஸ்டூலைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டாள்.

சென்னியப்பன் அவளுக்குப் பின்னால், சுவரோரம் போய் நின்றார்.

"அங்க இல்லீங்ணா," என்றாள்.

"பின்ன?"

குச்சியால் காட்டினாள். பாடகிக்கு எதிரே, மேடையானால் ஜனங்கள் உட்காரும் பக்கம், ஒரு ஸ்பீக்கர் பெட்டி கவிழ்ந்து கிடந்தது.

"முன்னால."

அவர் போய் அதன்மேல் உட்கார்ந்தார்.

இருபது வருடத்தில் அவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. எந்த மேடையிலும் அவர் இடம் பின்னால்தான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஜாஃபரின் பிடரி, ரகோத்தமனின் இடது தோள், உமையாளின் பின்னல். இன்றைக்கு மூன்று முகங்கள் அவரைப் பார்த்து நின்றன.

"எந்தப் பாட்டு?" என்றாள் உமையாள்.

"கடைசிப் பாட்டு," என்றாள் பெனிட்டா.

குச்சிகளை மேலே தட்டிக் கணக்குக் கொடுத்தாள். பாட்டு எழுந்தது.

சுத்தமான வாசிப்பு. ஓர் அடி முன்னே இல்லை, ஓர் அடி பின்னே இல்லை. அவள் கால் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. அந்தக் காலைப் பார்க்கப் பார்க்கச் சென்னியப்பனுக்குப் பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. நல்லவேளை, சரியான ஆளைத்தான் கொண்டுவந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த இடம் வந்தது.

பாட்டு நின்றது. கிடார் நின்றது. பேஸ் நின்றது. டிரம்ஸ் மட்டும் தனியே போனது.

அப்போது மூன்று பேரும் திரும்பினார்கள்.

சொல்லிவைத்துத் திரும்பியது போலில்லை. வாசற்படியில் ஆள் அரவம் கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் திரும்புவார்களே, அப்படி. ஜாஃபரின் புருவம் மேலே ஏறியிருந்தது. பேசவே பேசாத ரகோத்தமன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். உமையாள் மைக்கிலிருந்து முழுசாகத் திரும்பி, கழுத்தை நீட்டி, டிரம்ஸுக்குப் பின்னால் தேடினாள்.

அங்கே பெனிட்டா இருந்தாள்.

மூன்று பேருடைய சிரிப்பும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு திரும்பிக்கொண்டார்கள். சரியான அடியில் சேர்ந்தார்கள். பாட்டு ஒழுங்காக முடிந்தது.

தகரக் கூரை வெயிலில் டொக்கென்று ஒருமுறை சத்தம் போட்டது.

"எதுக்குத் திரும்புனீங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"எப்போ?" என்றான் ஜாஃபர்.

"டிரம்ஸ் தனியாப் போறப்ப."

ஜாஃபர் மற்ற இருவரையும் பார்த்தான். "எப்பவும் திரும்புறதுதானே."

"எப்பவுமா?"

"நீ ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வந்ததிலேருந்து."

"நான் பாத்ததே இல்லையே."

"நீ எங்க பாக்குற? குனிஞ்சு காலையே பாத்துட்டு இருப்ப."

சென்னியப்பன் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் தப்பு விடறேனான்னு பாக்குறீங்களா?"

உமையாளுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை.

"உனக்கென்ன பைத்தியமா சென்னி? தப்பா? ஒரு வருஷம் இந்தப் பட்டறையில நாங்க மூணு பேரும் வந்து உக்காருவோம். பின்னால டிரம்ஸுக்குத் துணி போத்தி வெச்சிருக்கும். ஒரு பாட்டு வாசிக்க முடியல. ஒரு வரி பாட முடியல. இப்போ பின்னாலேருந்து சத்தம் வருது. நீ இருக்கியான்னு பாக்கிறோம். அவ்வளவுதான்."

அவள் குரல் உடைந்தது. மைக் அணைக்கப்படாததால் அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது.

ரகோத்தமன் தொண்டையைச் செருமினான்.

"நீ இருக்கே," என்றான். "அது போதும்."

அன்றைக்கு முழுதும் அவன் பேசியது அவ்வளவே.

பெனிட்டா எழுந்தாள். ஸ்டூலைத் திருகிச் சென்னியப்பனின் உயரத்துக்கு இறக்கிவைத்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

அவர் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர். ஒரு தப்பு இல்லாம வாசிச்சீங்களே."

"ஆமாங்ணா."

"அப்புறம் ஏன் கிளம்புறீங்க?"

அவள் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அவங்க என்னையா தேடுனாங்க?"

அவர் உள்ளே திரும்பி, அவள் இறக்கிவைத்த ஸ்டூலைப் பார்த்தார்.

"அங்க போயிக் கால் நின்னுட்டா?" என்றார் கடைசியில்.

"அதை ஏனுங்ணா எங்கிட்டயே கேக்கறீங்க?"

இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு அவள் வெயிலில் இறங்கிப் போனாள்.

சென்னியப்பன் உள்ளே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்குக் காலு நிக்குது," என்றார். "அந்த இடத்துல. சில நாளு."

"தெரியும்," என்றான் ஜாஃபர்.

"தெரியுமா?"

"உன் காலுக்கும் என் பேஸுக்கும் ஒரே அடி. எனக்குத் தெரியாம உன் காலு எங்க போகும்?"

சென்னியப்பன் சிரித்தார். எப்படியோ சிரிப்பு வந்துவிட்டது. குச்சிகளைத் தட்டிக் கணக்குக் கொடுத்தார்.

அந்த இடம் வந்தபோது தலையைத் தூக்கினார். மூன்று முகங்களும் அங்கே இருந்தன. அவருக்கு அடி தப்பியது. அந்த மாதத்திலேயே அவர் விட்ட பெரிய தப்பு அதுதான்.

உமையாள் மைக்கிலேயே சிரித்தாள்.

"இன்னொரு தடவை," என்றார்.

*

அவர்கள் மழைக்காலத்தில் புறப்பட்டார்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டுச் சென்னியப்பன் பெனிட்டாவுக்குப் போன் செய்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், கோவையில் மழையா என்று கேட்டார். அவரும் கோவையில்தான் இருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை. ஆமாங்ணா, மழைதான் என்றாள்.

அடுத்த போன் ஹாம்பர்க்கிலிருந்து வந்தது. இங்கே காலை. பெனிட்டா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்."

"சொல்லுங்ணா. நேத்து எப்படிப் போச்சு?"

"கூட்டம் நிறைய. நம்மூர்க்காரங்க பாதி, வெள்ளைக்காரங்க பாதி. தமிழ் தெரியாதவங்ககூட கடைசி வரியைச் சேந்து பாடறாங்க. உமையாவுக்கு அழுகை வந்துருச்சு."

"நல்லதுங்ணா."

"கால் நின்னுருச்சு, டீச்சர்."

அவள் கையிலிருந்த துணியை உதறாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த இடத்துலயா?"

"அதே இடத்துல. செம குளிர். மிதிக்கிறேன், காலு வரல. சுத்தமா வரல. கையையும் நிறுத்திட்டேன்."

"அப்புறம்?"

"தலையைத் தூக்கினேன். மூணு பேரும் என்னைப் பாத்துட்டு நின்னாங்க. ஜாஃபர் ஒரு நொடிகூட யோசிக்கல டீச்சர். என் காலை அவன் பேஸ்ல வாசிச்சான். நான் மிதிக்கிற அதே அடி. ரகோத்தமன் கிடாரோட மரத்தைக் கையால தட்டி என் கையை வாசிச்சான். உமையா பாட ஆரம்பிச்சுட்டா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கேட்டுட்டு இருந்தேன்."

அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"எப்படி இருந்துச்சுங்ணா?"

"நல்ல பாட்டு, டீச்சர்," என்றார் சென்னியப்பன். "எங்க பாட்டு."