பல்லிக்குப் பதில் தட்டியவள்

பல்லியின் பேச்சு மனிதருக்குப் புரிந்த அந்தக் காலத்தில், மலையடிவார ஊர் ஒன்றில் நட்டநடுப் பகலில் நிலம் நடுங்கியது. கல்வீடுகள் சரிந்தன. விறகெடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்த சுடலி இடிபாட்டுக்குள் புதைந்தாள். குறுக்கே விழுந்த உத்தரம் அவள் தலைக்கு மேல் ஒரு முழம் இடம் விட்டிருந்தது. வலது கை மட்டும் அசைந்தது. தொண்டையைப் புழுதி அடைத்திருந்தது. மூச்சு வந்தது, குரல் வரவில்லை.

எங்கோ மண்வெட்டிச் சத்தம். வாசல் பக்கம் தோண்டுகிறார்கள். அவள் அங்கே இல்லை என்று யார் சொல்வது?

"தொடப்பத்தால வெரட்டுனியே தாயி, இப்ப ரெண்டு பேரும் ஒரே பொந்துல" என்றது காதருகே ஒரு பல்லி.

சுடலி உதட்டை அசைத்தாள். "போ... சொல்லு."

"போவேன். வாலு கல்லுக்கடியில மாட்டியிருக்கே." அது திரும்பி வாலைப் பார்த்தது. "சரி, போனாப் போகட்டும். ஆனா பல்லி பேச்சை எவன் நம்புவான்? என் சத்தம் கேட்டதும் நீ தட்டு."

வெடுக்கென்று அறுந்த வால் அவள் கையருகே துள்ளியது. பல்லி விரிசலுக்குள் நுழைந்தது.

அப்போது நிலம் மறுபடி அதிர்ந்தது. மண் பொலபொலவென்று அவள் முகத்தில் கொட்டியது.

"மிச்சச் சுவரும் விழப்போவுது, வாண்ணே!" கொழுந்தனின் குரல். "மதினி போயிட்டா. ஊரே பொட்டலுக்குப் போயிட்டு!"

மண்வெட்டி நின்றது.

விரிசலெங்கும் புழுதி. அதை விழுங்கி விழுங்கி மேலேறிய பல்லிக்கு ஒரு சொல்லும் எழவில்லை. "ச்சு... ச்சு... ச்சு..." அவ்வளவுதான்.

சுடலி விரல்முட்டியால் உத்தரத்தைத் தட்டினாள்.

"என்னண்ணே நிக்கிற? பல்லிதான்."

"வாயை மூடுலே." அது அவள் புருஷன் மாடக்கண்ணு.

பல்லி மறுபடி ஒலித்தது. சுடலி தட்டினாள். தோல் உரிந்தது. இன்னும் ஓங்கித் தட்டினாள்.

"இந்தப் பக்கம்லே! உசுரோட இருக்கா! ஓடியா!"

காலடிகள் பின்கட்டுக்கு வந்தன. கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். முதலில் வெளிச்சம் விழுந்தது, பிறகு மாடக்கண்ணுவின் கை. அவளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பொட்டலை எட்டும் முன்பே மிச்சச் சுவர் சாய்ந்தது.

பல்லிக்கு வால் முளைத்தது. பேச்சு முளைக்கவில்லை.

அன்று தொடங்கியதுதான் இது: பல்லி ஒலித்ததும், வீட்டில் இருப்பவர் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு விரலால் தரையைத் தட்டுகிறார். இங்கே ஓர் உயிர் இருக்கிறது என்று அதற்குப் பதில் சொல்கிறார்.