இறக்கிப் பாடிய சிரிப்பான்

ஒரு மலையுச்சியில் சின்னச் சோலை ஒன்று இருந்தது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். அந்தச் சோலையில் மிச்சமிருந்த சிரிப்பான் குருவிகள் இரண்டே இரண்டு. அப்பன் பெயர் பெரியகுரலன், மகள் பெயர் பாசி. இந்தச் சோலையை விட்டால் எதிர்மலைச் சோலை, அவ்வளவுதான் அந்த இனத்துக்கு உலகம். குளிரும் மூட்டமும் இல்லாத இடத்தில் அதுகளால் பிழைக்க முடியாது.

பெரியகுரலனுக்குத் தன் பாட்டின் மேல் தலைகால் புரியாத பெருமை. அவன் குடும்பத்தில் பாட்டு முடியும்போது குரல் மேலே ஏறும். எதிர்மலைக்காரர்கள் கீழே இறக்கி முடிப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் போக்குவரத்து இல்லாமல் வந்த வித்தியாசம், வேறொன்றும் இல்லை. அதைப் போய்க் குலப் பெருமையாக்கி வைத்திருந்தான் கிழவன்.

ஒருநாள் எதிர்மலையிலிருந்து சாரலன் என்ற சிரிப்பான் வந்து சேர்ந்தான். நெடுந்தூரம் பறக்க வராத இனம். தேயிலைச் செடிக்குச் செடி தத்தி, வல்லூறுக்குப் பயந்து பயந்து வந்ததில் பாதி வால் போயிருந்தது. அங்கே தான் ஒருவன்தான் மிச்சம் என்று சொல்லிப் பாசியைப் பெண் கேட்டான். பாசிக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று.

"எங்கே, ஒரு பாட்டுப் பாடு," என்றான் பெரியகுரலன்.

சாரலன் பாடினான். முடிவில் இறக்கினான்.

"இதெல்லாம் ஒரு பாட்டா? ஏற்றிப் பாடக் கற்றுக்கொள். அதுவரை சோலைக்குள் கால் வைக்காதே!"

முட்டையிடும் காலம் ஓடுகிறதே, நமக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று பாசி கெஞ்சினாள். கிழவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து மரத்து மலையணிலுக்குப் பொறுக்கவில்லை.

"வெட்டவெளியில் உட்கார வைக்கிறாயே, மேலே வல்லூறு சுற்றுகிறது. குலப் பெருமை குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்டது. உன் வேலையைப் பார் என்று அதன் மேலும் எரிந்து விழுந்தான்.

பாவம் சாரலன், தோட்டத்து ஓரம் நின்ற சில்வர் ஓக் மரத்தில் ஐந்து நாள் உட்கார்ந்து ஏற்றிப் பாடிப் பழகினான். பாசி தினமும் தவிட்டுப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறாம் நாள் காலை அவன் குரல் பிசகாமல் மேலே ஏறியது. பெரியகுரலனே தலையை ஆட்டி, அவனை உள்ளே கூட்டி வரச் சொன்னான். பாசி போய்ப் பார்த்தபோது கிளையில் நாலு இறகுதான் ஒட்டியிருந்தது. பாட்டுச் சத்தத்தை வைத்தே வல்லூறு ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

அவள் அழுத அழுகை சோலை முழுக்கக் கேட்டது. அந்த வருஷம் அவள் கூடு கட்டவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. மூன்றாம் வருஷத்து மழையில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான். கிழவன் அதே சில்வர் ஓக் மரத்தில் உட்கார்ந்து, எதிர்மலையைப் பார்த்து, முடிவை இறக்கி இறக்கிப் பாடினான். ஒரு பிசகும் இல்லை. பதில் பாடத்தான் யாரும் இல்லை.

தன்னைப் போலப் பேசவில்லை என்று உறவை வாசலில் நிறுத்துகிறவன், கடைசியில் பேச ஆளில்லாமல் போவான்.