சந்தனம் பூசிய உத்தரம்

உட்கார்ந்து கேளுங்கள், தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பி விடுங்கள். வெகு காலத்துக்கு முன்னே ஓர் அரசர் இருந்தார். அவருடைய ஊரில் ஏழு பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு பழைய வீடும் இருந்தது.

ஏழு பேரும் ஏழு ஊரில் வியாபாரம் செய்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை, தை மாதம், எல்லோரும் வந்து கூடுவார்கள். அந்த வீட்டின் கூரையைத் தாங்கும் நடு உத்தரத்தில் முன்னோர்கள் குடியிருப்பதாக அவர்களுக்கு நம்பிக்கை. அதற்கு எண்ணெய் தடவுவார்கள், சந்தனம் பூசுவார்கள், சூடம் காட்டுவார்கள். பிறகு இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஓடு உடைந்தால், மற்ற ஆறு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஏழு பேர் சேர்ந்து பார்த்துக்கொண்ட லட்சணத்தில் கூரை மேல் ஆலஞ்செடி முளைத்தது.

ஒரு புயலில் கடல் பொங்கி, ஏழாவது பங்காளியையும் அவன் வீட்டையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. மிஞ்சியவர்கள் இருவர்தான். அவன் மனைவி உமையாள், அவன் தங்கை தெய்வானை. வேறு போக்கிடம் இல்லாமல், அழுதழுது வீங்கிய முகத்தோடு அவர்கள் இந்த வீட்டுக்கு வந்தார்கள்.

கதவைத் திறந்ததும் வௌவால் கூட்டம் முகத்தில் மோதியது.

"அண்ணி, இதுக்கு அந்தக் கடலே தேவலை!" என்றாள் தெய்வானை.

"முந்தானையை இழுத்துச் செருகு. முதல்ல பெருக்குவோம்" என்றாள் உமையாள்.

பெருக்கி முடிப்பதற்குள் தெருவில் தண்டோரா கேட்டது. ஐப்பசி முதல் மழைக்கு ஒழுகுகிற பாழ்வீடு எதுவானாலும் அரண்மனை யானை வந்து இடித்துத் தள்ளும் என்பது அரசாணை. அப்போதுதான் ஆடி பிறந்திருந்தது. கையில் இருப்பது மூன்றே மாதம்.

மூத்த பங்காளி சாத்தப்பன் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "என்ன வேணும்னாலும் பண்ணு உமையாள். உத்தரத்துல மட்டும் கை வைக்காதே. வம்சமே அழிஞ்சிடும்!" என்றார். அதைக் கேட்ட தச்சர்களில் ஒருவர்கூட அந்த வாசற்படி மிதிக்கவில்லை.

ஆடியில் இரண்டு பெண்களும் ஏணி வைத்து ஏறி, ஆலஞ்செடியை வேரோடு பிடுங்கி, ஓடு மாற்றினார்கள். பத்தே நாளில் ஓடுகள் சரிந்தன.

ஆவணியில் மண் குழைத்துச் சுவரை உயர்த்தி, மறுபடி ஓடு மாற்றினார்கள். அவையும் சரிந்தன.

புரட்டாசி பிறந்தது. உமையாள் ஏணியில் ஏறி உத்தரத்தை எட்டினாள். அவள் செய்ததை ஏழு தலைமுறையில் யாரும் செய்யவில்லை. விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்த்தாள். காலிப் பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. அரிவாள் முனையால் குத்தினாள். பிடிவரை உள்ளே போயிற்று. மேலே மினுமினுப்பாகச் சந்தனம், உள்ளே முழுக்கக் கரையான்.

வம்சம் அழியும் என்ற சாபத்தை நினைத்தால் உமையாளுக்குப் பயமாக இருந்தது. அதற்கு நேர் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்த தெய்வானையைப் பார்த்தால் அதைவிடப் பயமாக இருந்தது. உத்தரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கயிறு எடு தெய்வானை, இதை இறக்கணும்" என்றாள்.

கூரைக்கு முட்டுக்கொடுத்துவிட்டு இருவரும் அதை இறக்கினார்கள். இரண்டு பெண்கள் இறக்கும் அளவுக்கு அது இலேசாக இருந்தது. புயலில் சாய்ந்த ஒரு வைரம் பாய்ந்த பனையை அறுத்துப் புது உத்தரம் செய்தார்கள். அதை மேலே ஏற்றுவதுதான் பெரும்பாடு. காலையில் ஒரு முனையை நெம்பி ஒரு சாண் உயர்த்திக் கீழே கல் அடுக்குவார்கள். மாலையில் மறு முனையை ஒரு சாண். தோள் தோலுரிந்தது. இருபதாம் நாள் உத்தரம் சுவர்மேல் உட்கார்ந்தது. மிச்ச நாளில் ஓடு வேய்ந்தார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அரசர் யானையோடு வந்தார். கூடத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், அடுக்களையைப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. யானையைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் சாத்தப்பன் நனைந்தபடி ஓடிவந்தார். "மகாராஜா! எங்க முன்னோர் இருந்த உத்தரத்தை இவ இறக்கிட்டா. குலத்தை அழிச்சவளுக்கு இந்த வீட்டுல என்ன உரிமை? வெளியே அனுப்புங்க!"

ஊரார் முணுமுணுத்தார்கள். அரசர் வெளியே கிடந்த பழைய உத்தரத்தைப் பார்த்தார்.

"பழைய உத்தரத்தைக் அந்தக் கூரையில்லாத கொட்டகைச் சுவர்கள்மேல் தூக்கி வையுங்கள். அதன்மேல் பத்து ஓடு அடுக்குங்கள். சாத்தப்பரே, அடியில் போய் உட்காரும். உம் முன்னோர் காப்பாற்றட்டும்" என்றார்.

சேவகர்கள் அப்படியே தூக்கி வைத்ததும், சாத்தப்பன் கும்பிட்டுக்கொண்டே இரண்டடி வைத்தார். உத்தரம் நெறுநெறுவென்றது. கரையான் மண் அவர் தலையில் கொட்டியது. துள்ளிப் பின்வாங்கினார்.

"ஏன், உட்காரவில்லையா?"

"பயமா இருக்குங்க, மகாராஜா."

"நீர் ஒரு நாழிகை உட்கார முடியாத மரத்துக்கு அடியில், இந்தப் பெண்களைக் காலமெல்லாம் படுக்கச் சொன்னீரே!"

சாத்தப்பன் தலை குனிந்தது. யானை திரும்பிப் போயிற்று. வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள். சாத்தப்பன் மட்டும் மழையில் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தான், ஏன் நனையிறீங்க? உள்ளே வாங்க. இது உங்க வீடும்தானே" என்றாள் உமையாள்.

ஆகவே கேட்டவர்களே, முன்னோர் விட்டுப்போனதைக் கும்பிட்டு நிற்பவரைவிட, தட்டிப் பார்த்துப் பழுது நீக்குகிறவரே அவர்களுக்கு உண்மையான வாரிசு.