கழுத்தளவு தண்ணீர்

"அம்மா, என் மேல அபாண்டமா பழி போடுறாங்க."

வந்ததும் வராததுமாகத் துரைக்கண்ணு இப்படித்தான் ஆரம்பித்தார்.

பச்சையம்மா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுக்கவில்லை.

அவள் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் ஏரியைச் சுற்றியிருக்கிற எல்லா ஊர்க்காரர்களையும் போல அவரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். பல்வலி வந்தால்கூட முதலில் அவளிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் டாக்டரிடம் போவார்.

"யாரு போடுறாங்க?"

"பூவம்பட்டுக்காரங்க. நான் ஏரியைக் கெடுத்துட்டேனாம். நாளைக்கு என் ஹோட்டல் திறப்பு விழா. கேட்டை மறிச்சு உட்கார்ந்திருக்காங்க."

"கெடுத்தியா?"

"ஒரு சொட்டுத் தண்ணி எடுத்தது இல்லம்மா. கோல்ஃப் புல்லுக்குக்கூட போர்த் தண்ணிதான். நீங்களே பாருங்க, ஏரி எப்படி ரொம்பி நிக்குதுன்னு."

ரொம்பித்தான் நின்றது. வில்லங்கமே அதுதான். மாதக்கணக்கில் மழை பெய்தால் நிரம்புகிற ஏரி, இந்த வருஷம் முதல் மழைக்கே நிரம்பி, அடுப்பில் மறந்துவிட்ட பால் மாதிரி வழிந்து, கீழே இருக்கிற பூவம்பட்டுக்குள் புகுந்துவிட்டது. கதிர் வந்த நெல் முழுக்கத் தண்ணீருக்கு அடியில். மறியலுக்கு முன்னால் நிற்கிற தேசம்மாவின் வீட்டுச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எழுந்து போயிடுவாங்க."

"நான் எதுக்கு? நீ சத்தியம் பண்ணு."

துரைக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பக்கத்தில் சத்தியம் என்றால் கற்பூரம் அணைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிற சத்தியம் இல்லை. ஏரியில் இறங்க வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் நின்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் ஏரி இழுத்துக்கொள்ளும். இடுப்பில் கயிறு கட்டுவார்கள். கயிற்றின் மறுமுனை, பழி சொன்னவர் கையில் இருக்கும்.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"கயிறு இருக்குல்ல."

"தேசம்மா கையிலயா?"

"அவதான பழி சொன்னா."



"சரிம்மா," என்றார். "எனக்கு மடியில கனம் இல்லை."

சத்தியப் படித்துறை இப்போது ஹோட்டல் வேலிக்குள் இருந்தது. துரைக்கண்ணு அதற்குக் கிரானைட் பதித்து, இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புல்வெளி வழியாக ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒரு வருஷமாகத் தகரம் அடைத்து வைத்திருந்த இடம். இன்றைக்குத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

தேசம்மா அவர் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மாட்டுக்குப் போடுகிற முடிச்சாகவே போட்டாள்.

"இறுக்கமா இருக்கா சார்?"

"இருக்கு. விட்டுடாதம்மா."

"எங்க வீட்டுச் சுவரைத்தான் விட்டுட்டேன். உங்களை விடமாட்டேன்."

கடைசிப் படியைத் தாண்டினால் கழுத்தளவு, அதற்கும் அப்பால் யானை மறையும் ஆழம் என்று அவருக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக் காலை வைத்தார்.

தரை தட்டியது.

கண்ணைத் திறந்தார். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது.

"போய்யா," என்றாள் பச்சையம்மா. "கழுத்துக்கு வரணும்."

போனார். முழங்கால்.

இன்னும் போனார். ஓர் இடத்தில் தொடை வரைக்கும் ஏறியது. அப்பாடா என்று அடுத்த அடி வைத்தார். மறுபடியும் முழங்காலுக்கே இறங்கிவிட்டது.

கரையில் யாரும் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் பேசுகிற கூட்டம் அது. பந்தியில் அப்பளம் நொறுங்கியிருந்தால்கூட ஒரு மணி நேரம் பேசும்.

"கயிறு முடிஞ்சுபோச்சும்மா," என்றாள் தேசம்மா.

"விட்டுடு."

கயிறு தண்ணீரில் விழுந்தது. துரைக்கண்ணு அதை வால் மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தார். சத்தியம் பண்ணவேண்டும் என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது. கழுத்தளவு தண்ணீர் எங்காவது இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. இடது பக்கம் போய்ப் பார்த்தார். வலது பக்கம் போய்ப் பார்த்தார். நட்ட நடு ஏரிக்கே போய் நின்றார்.

நாலா பக்கமும் தண்ணீர் தளதளவென்று கிடந்தது. அதன் நடுவில், வேட்டி நனையாமல் தூக்கிப் பிடித்தபடி ஒரு மனுஷன்.

"உட்கார்ந்துக்கங்க சார்," என்று தேசம்மா கத்தினாள். "கழுத்துக்கு வந்துடும்."

யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

துரைக்கண்ணு குனிந்தார். தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார்.

ஏரி மண் கறுப்பாக, வெண்ணெய் மாதிரி வழுக்கும். இது சிவப்பு. சரளைக்கல். கோல்ஃப் மைதானத்துக்காகச் செம்மண் கரட்டு மேட்டை வெட்டிச் சமப்படுத்தினார்களே, அந்த மண்.

காண்டிராக்டர் அவரிடம் வந்து கேட்டிருந்தான், இவ்வளவு மண்ணையும் எங்கே சார் கொட்டுறது என்று. அவர் அப்போது புல்லின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கயாவது கொட்டுப்பா. என் கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான்."

படவே இல்லை.

கரையில் இருந்து பார்த்தவர்களுக்கு அவர் வாய் திறந்திருப்பது தெரிந்தது. சத்தம்தான் வரவில்லை. விரலிடுக்கு வழியாகச் சிவப்புத் தண்ணீர் முழங்கை வரைக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏறி வாய்யா," என்றாள் பச்சையம்மா. "சத்தியம் ஆயிடுச்சு."